தூக்கக் கலக்கத்தில் மூளை எவ்வளவு பார்க்கிறது? விஈபி வைத்து அளக்கும் முழுமையான வழிகாட்டி

ஒருவர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் தூக்கம் சொக்குகிறது. திரையில் ஓடும் படம் மாறவில்லை. பின்தலையில் உள்ள பார்வைப் புறணி, அதாவது பார்வையைக் கையாளும் மூளையின் மேற்பரப்புப் பகுதி, அதே பதிலைத் தருகிறதா? உடலியங்கியல் ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண விஈபி கருவியைக் கொண்டே இதை அளக்கலாம்.

விஈபி (VEP, பார்வைத் தூண்டல் மின்பதில்) என்பது, கண்ணுக்கு ஒரு தூண்டல் கொடுத்து, மூளையின் பதிலை மண்டைத் தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியாகப் பதிவது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறினால், சுமார் 75 மில்லிவினாடியில் ஒரு பள்ளமும், சுமார் 100 மில்லிவினாடியில் ஒரு முகடும் வரும். முகட்டுக்கு பி-100 என்று பெயர், அதற்கு முந்தைய பள்ளத்துக்கு என்-75.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுக்குகிறார்கள். ஒன்று, விழிப்புநிலையை அளக்காமல் ஊகித்துக்கொள்வது. மற்றொன்று, கண்ணில் நடந்த மாற்றத்தை மூளையின் கணக்கில் எழுதிவிடுவது. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் தடுப்பதற்காகவே அமைந்தது. ஒரு படியைத் தாண்டிப் போனால், பின்னால் எவ்வளவு கணக்குப் போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

1. கேள்வியைக் குறுக்குங்கள்

விழிப்புநிலை வேறு, கவனம் வேறு. விழிப்புநிலை என்பது மூளை முழுவதும் எவ்வளவு உஷாராக இருக்கிறது என்பது. கவனம் என்பது அந்த உஷாரை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது. முழு விழிப்போடு இருக்கும் ஒருவர் திரையைப் பார்த்தபடியே வீட்டுக் கணக்கை யோசிக்கலாம்.

ஆகவே இரண்டு நிலைகளிலும் ஒரே வேலையைக் கொடுங்கள். திரையின் நடுவில் ஒரு சிறு புள்ளி இருக்கட்டும். அது எப்போதாவது சிவப்பாகும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். விழிப்பு நிலைக்கு மட்டும் கடினமான வேலை கொடுத்தீர்கள் என்றால், நீங்கள் அளப்பது விழிப்புநிலையா கவனமா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். புள்ளியின் வேலையால் இன்னொரு பயனும் உண்டு. பதில் எத்தனை முறை தவறியது, எவ்வளவு தாமதமானது என்பதே விழிப்புநிலைக்கு ஒரு தனிச் சான்று. அரை வினாடியைத் தாண்டும் பதில்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

2. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

முதலில் உங்கள் கருவி மூலப் பதிவைச் சேமிக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனைகளுக்காகச் செய்த பல விஈபி கருவிகள் சராசரி வரைகோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். இந்த வேலைக்கு ஒவ்வொரு வினாடியின் ஈஈஜியும், அதாவது மூளை மின்னலைப் பதிவும், தேவை. ஒரு மாணவர் குழு நான்கு நாள் பதிவு எடுத்து முடித்த பிறகுதான் கையில் சராசரி மட்டுமே இருப்பதைக் கண்டார்கள். நான்கு நாள் உழைப்பையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

கருவியில் வைக்க வேண்டிய அமைப்புகள்: இடைவிடாமல் ஓடும் மூலப் பதிவு, வினாடிக்கு குறைந்தது 500 மாதிரிகள், வடிகட்டி 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தெரிந்தால், அதை வெட்டும் நாட்ச் வடிகட்டியைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அது அலையின் வடிவத்தையே மாற்றும். டியூப்லைட்டை அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், வயர்களைச் சேர்த்து முறுக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

பங்கேற்பவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியவை நான்கு. தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பூ போட்டுக் குளித்து, காயவைத்து வர வேண்டும். நம் ஊரில் மின்முனை ஒட்டாததற்கு முதல் காரணம் தேங்காய் எண்ணெய்தான். பூ, ஹேர்பின், இறுக்கமான ஜடை வேண்டாம். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு வர வேண்டும். அன்று காலையிலிருந்து காபியும் டீயும் வேண்டாம். காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது.

வலிப்பு வந்த வரலாறு இருக்கிறதா என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். இருந்தால் அவரைச் சேர்க்க வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதியும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இல்லாமல் தொடங்கக் கூடாது. தூங்கி வழிய வைக்கும் சோதனை இது. அதனால் முடிந்ததும் அவர் பைக் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

3. திரையைச் சரிபார்த்தல்

இதை ஆள் வருவதற்கு முன்பே செய்து முடியுங்கள். ஒட்டிய ஜெல் காய்ந்துகொண்டிருக்கும்போது திரையோடு மல்லுக்கட்டக் கூடாது.

திரையிலிருந்து கண்ணுக்கு 1 மீட்டர் தூரம் வையுங்கள். அந்தத் தூரத்தில் பார்வைக் கோணம் 1 டிகிரி என்பது 1.75 சென்டிமீட்டர். ஆகவே பெரிய கட்டத்தின் ஒரு பக்கம் 1.75 செ.மீ., கால் டிகிரி சிறிய கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 4.4 மில்லிமீட்டர். மொத்தப் பரப்பு 15 டிகிரிக்குக் குறையக் கூடாது, அதாவது சுமார் 26 செ.மீ. பெரியது, சிறியது இரண்டும் எதற்கு என்று 7-வது படியில் வரும்.

கட்டங்கள் வினாடிக்கு 2 முறை மாறட்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது சரியாக 30 ஃபிரேமுக்கு ஒரு முறை. 75 ஹெர்ட்ஸ் திரையில் அதே அரை வினாடி 37.5 ஃபிரேம் ஆகிவிடும், மாற்றம் முன்னும் பின்னும் நழுவும். திரைக்கு ஏற்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் திரை மூலையில் ஒரு போட்டோடயோடை (ஒளியை உணரும் சிறு கருவி) ஒட்டி, கணினி சொல்லும் நேரத்துக்கும் வெளிச்சம் உண்மையில் மாறும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எல்சிடி திரையில் இது பத்து, இருபது மில்லிவினாடி என்று இருக்கலாம். மாறாத தாமதம் என்றால் கழித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் அந்தத் திரை உதவாது. நாம் தேடும் வித்தியாசமே சில மில்லிவினாடிகள்தான்.

4. மின்முனைகளை ஒட்டுதல்

மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பின்தலை எலும்பு முண்டு வரை டேப்பால் அளங்கள். முண்டிலிருந்து அந்த நீளத்தில் 10 சதவீதம் மேலே வந்தால் ஓ-இசட் இடம். நீளம் 36 செ.மீ. என்றால் 3.6 செ.மீ. மேலே. கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக ஒட்டுவதே இங்கே வழக்கமான தவறு. முதன்மைப் பார்வைப் புறணி அதற்கு நேர் உள்ளே இருப்பதால்தான் இந்த இடம். ஒப்பீட்டு மின்முனையை எஃப்-இசட்டில் வையுங்கள், அது மூக்குப் பள்ளத்திலிருந்து 30 சதவீதம். எர்த்தை உச்சந்தலையில் வைக்கலாம்.

கண்ணின் வெளி ஓரங்களில் இரண்டு மின்முனைகள் கட்டாயம். தூக்கம் வரும்போது கண்விழி மெதுவாகப் பக்கவாட்டில் உருளும், அதைப் பிடிக்கத்தான் இவை. இந்தச் சேனலின் கீழ் வடிகட்டியை மட்டும் 0.1 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ஈஈஜிக்கு வைத்த 1 ஹெர்ட்ஸ் இதற்கும் இருந்தால் அந்த மெதுவான உருளல் பதிவிலேயே வராது. பலர் இந்த ஒரு எண்ணை மாற்ற மறந்துவிட்டு, ஆள் தூங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இம்பீடன்ஸ் (தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும் வரை பொறுமையாக இருங்கள். அவசரப்பட்டு மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள், வயர் ஆடும். ஏசி இல்லாத அறை என்றால் வியர்வையே பதிவை அலைக்கழிக்கும். காலை நேரம் பரவாயில்லை என்று தோன்றினாலும், 8-வது படியில் சொல்லும் காரணத்துக்காக மதியம்தான் வேண்டும். எனவே குளிர்ந்த அறையை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

பின்கழுத்துத் தசை இறுகினால் ஓ-இசட்டில்தான் முதலில் தெரியும். தாடை தாங்கி உயரமாக இருக்கக் கூடாது. தலைக்குப் பின்னால் தொடாதபடி, கழுத்துக்கு மட்டும் ஒரு சுருட்டிய துண்டு வையுங்கள்.

5. கண்ணை மூடித் திறக்கும் சோதனை

தூண்டல் எதுவும் கொடுக்கும் முன், ஒரு நிமிடம் கண்ணை மூடி, ஒரு நிமிடம் திறந்து, இதை மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். கண்ணை மூடியதும் பின்தலையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை எழும், திறந்ததும் அடங்கும். எழவில்லை என்றால் மின்முனை இடத்தைத் திரும்பப் பாருங்கள். சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா மிகக் குறைவு. அவர்களை வைத்து இந்த முறையில் தூக்கக் கலக்கத்தைப் பிரிப்பது கடினம், வேறு ஒருவரை அழையுங்கள்.

மூடிய நிலை ஆல்ஃபாவை, திறந்த நிலை ஆல்ஃபாவால் வகுத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு விழிப்பில் அது பெரிதாக இருக்கும். தூக்கம் ஏற ஏற அது 1-ஐ நோக்கிக் குறையும்.

ஏன் குறைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பெரிய குழப்பம் ஒன்று தீரும். ஆல்ஃபா கூடினால் தூக்கம் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடியிருப்பவருக்கு இது தலைகீழ். தூக்கம் வர வர அவரது ஆல்ஃபா உடைந்து மறையும், 4 முதல் 7 ஹெர்ட்ஸ் தீட்டா வரும். கண்ணைத் திறந்திருப்பவருக்கோ, அடங்கியிருந்த ஆல்ஃபா முதலில் எட்டிப்பார்க்கும், பிறகு அதுவும் உடைந்து தீட்டாவாகும். நம் சோதனை கண் திறந்த நிலை. எனவே திறந்த கண்ணில் தலைகாட்டும் ஆல்ஃபாவும், அதன் பின் வரும் தீட்டாவும்தான் நமக்கு அடையாளம்.

6. தூண்டலுக்கு நடுவே வெற்று இடைவெளி

நான் அதிகம் பேரைத் திருத்திய இடம் இது. கட்டங்கள் வினாடிக்கு 2 முறை மாறும்போது, மூளையின் பதிலும் வினாடிக்கு 2 முறை வருகிறது. அதன் மடங்குகளான 4, 6, 8, 10 ஹெர்ட்ஸிலும் அது சக்தியைக் காட்டும். 4-ம் 6-ம் தீட்டாவுக்குள் இருக்கின்றன, 8-ம் 10-ம் ஆல்ஃபாவுக்குள் இருக்கின்றன. அதே பதிவிலிருந்து தூக்கக் கலக்கத்தைக் கணக்கிட்டால், நல்ல விஈபி கொடுத்தவரையே தூங்கினார் என்று குறித்துவிடுவீர்கள். எதை அளக்கிறோமோ அதையே அளவுகோலாகவும் வைத்ததாகிவிடும்.

தீர்வு எளிது. 20 வினாடி கட்டங்கள், பிறகு 5 வினாடி வெறும் சாம்பல் திரை, மறுபடி 20 வினாடி. விழிப்புநிலையை சாம்பல் திரையின் கடைசி 4 வினாடியிலிருந்து மட்டும் கணக்கிடுங்கள். முதல் 1 வினாடியை விடுவதற்குக் காரணம், கட்டம் மறைந்ததற்கே மூளை ஒரு பதில் தரும். அதேபோல் கட்டம் தோன்றியதும் வரும் முதல் 4 மாற்றங்களையும் விட்டுவிடுங்கள். ஒரு சுற்றில் 40 மாற்றங்களில் 36 மிஞ்சும்.

சாம்பல் திரையின் ஒளி, கட்டங்களின் சராசரி ஒளிக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒளிமானி வைத்து அளங்கள். இருட்டாகிவிட்டால் கண்பாவை விரியும், அடுத்த சுற்றின் தொடக்கம் முழுக்கக் கெட்டுப்போகும்.

7. கண்ணையும் பதிவு செய்யுங்கள்

தூக்கம் வரும்போது கண்ணில் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. கண்பாவை சுருங்கி, மெதுவாக ஊசலாடுகிறது. இமை பாதி இறங்குகிறது. விழிலென்ஸ் திரையின் மேலிருந்த குவியத்தை விடுகிறது. கண்பாவை சுருங்கினால் விழித்திரைக்குச் செல்லும் ஒளி குறையும், ஒளி குறைந்தால் பி-100 தாமதமாகும். மூளையில் ஒரு மாற்றமும் இல்லாமலே இது நடக்கலாம்.

நாங்கள் முதல் முறை எடுத்த பதிவு மிக அழகாக வந்தது. கலக்கத்தில் முகடு தாமதம், உயரமும் குறைவு. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கண்ணை வீடியோ எடுக்கவில்லை என்பதை அப்புறம்தான் உணர்ந்தோம். அந்தப் பதிவுகள் எதையும் பயன்படுத்த முடியவில்லை.

அகச்சிவப்பு விளக்கு வைத்த ஒரு சிறிய கேமரா போதும். இமை கண்பாவையை மறைக்கும் சுற்றுகளைத் தூக்கிப் போடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் 2 மில்லிமீட்டர் துளையுள்ள கறுப்பு அட்டையைக் கண்ணுக்கு முன்னால் பொருத்தி, ஒரு கண்ணை மூடி எடுக்கலாம். கண்பாவை துளையைவிடப் பெரிதாக இருக்கும் வரை உள்ளே செல்லும் ஒளி மாறாது, குவியம் நழுவுவதன் பாதிப்பும் குறையும்.

குவியத்தைச் சோதிக்கத்தான் இரண்டு அளவுக் கட்டங்கள். படம் மங்கினால் கால் டிகிரி கட்டங்களின் பதில் முதலில் சரியும், 1 டிகிரி கட்டங்களுக்கு அவ்வளவு பாதிப்பு இருக்காது. உங்கள் முடிவில் சிறிய கட்டம் மட்டும் குறைந்திருந்தால், முதலில் லென்ஸைச் சந்தேகப்படுங்கள்.

8. அமர்வை நடத்துதல்

மதிய உணவுக்குப் பிறகு, 2 மணியிலிருந்து 4 மணிக்குள் வையுங்கள். உடலின் நாள்கடிகாரமே அப்போது விழிப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது. இரவு முழுக்க விழிக்க வைக்கத் தேவையில்லை. அது வேறு கேள்வி, ஆபத்தும் கூட.

12 சுற்றுகள் ஒரு பகுதி, அதாவது 5 நிமிடம். கடைசிச் சுற்றுக்குப் பிறகும் ஒரு சாம்பல் இடைவெளி சேருங்கள். நான்கு பகுதிகளின் வரிசை: விழிப்பு, கலக்கம், கலக்கம், விழிப்பு. எல்லா விழிப்பையும் முதலில் எடுத்தால், ஜெல் காய்வதும் கண் சோர்வதும் கலக்கத்தின் தலையில் விழும். அடுத்த ஆளுக்கு கலக்கம், விழிப்பு, விழிப்பு, கலக்கம் என்று மாற்றிப் போடுங்கள். பெரிய கட்டம், சிறிய கட்டம் இரண்டையும் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்ளலாம்.

விழிப்புப் பகுதிக்கு முன் எழுந்து நிற்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுங்கள். கலக்கப் பகுதிக்கு முன் 10 நிமிடம் யாரும் பேசாமல், அறை ஒளி அப்படியே இருக்க, சாய்ந்து உட்கார விடுங்கள். விளக்கை மங்கலாக்க ஆசை வரும், வேண்டாம். மறுபடியும் கண்பாவைப் பிரச்சினைதான்.

ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் கரோலின்ஸ்கா அளவுகோலில் 1 முதல் 9 வரை எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். 1 என்றால் மிக உஷார், 9 என்றால் தூக்கத்தோடு போராடுகிறார். பகுதிக்கு நடுவில் கேட்காதீர்கள். கேட்ட சத்தத்திலேயே விழித்துக்கொள்வார்.

9. சுற்றுகளைப் பிரித்தல்

“கலக்கம்” என்று நீங்கள் பெயர் வைத்த பகுதியில் ஆள் நன்றாக விழித்திருந்திருக்கலாம். அதனால் பகுதியின் பெயரை மறந்துவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் அதன் முன் இடைவெளி, பின் இடைவெளி இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டும் விழிப்பு என்றால் விழிப்பு. இரண்டும் கலக்கம் என்றால் கலக்கம். ஒன்றுக்கொன்று மாறினால் அந்தச் சுற்று வேண்டாம்.

கலக்கம் என்று சொல்ல, ஆல்ஃபா அல்லது தீட்டாவின் ஏற்றத்தோடு இன்னொரு சான்றும் வேண்டும்: விழி உருளல், நீண்ட கண்சிமிட்டல், பொத்தான் தவறுதல், இவற்றில் ஒன்று. கண் மூடிவிட்டாலோ, தூக்கக் கதிர் அலைகள் (தூக்கத்தில் வரும் கதிர் வடிவ அலைக்கொத்துகள்) தெரிந்தாலோ அது தூக்கம், நம் கணக்கில் சேராது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை விஈபியைப் பார்ப்பதற்கு முன் எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு நகர்த்தினால், வேண்டிய முடிவு எப்படியும் வந்துவிடும்.

10. சராசரி எடுத்தல்

பி-100 உயரம் பத்து மைக்ரோவோல்ட் போல இருக்கும். பின்னணி ஈஈஜி அதைவிடப் பெரிது. N மாற்றங்களைச் சராசரி எடுத்தால் பின்னணி, N-இன் வர்க்கமூலத்தால் வகுபடும். 64 எடுத்தால் எட்டில் ஒன்று, 144 எடுத்தால் பன்னிரண்டில் ஒன்று.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கலக்கத்தில் பின்னணி அலைகள் பெரிதாகின்றன. இரைச்சல் அதிகமான சராசரியில் உச்சப் புள்ளியைத் தேடினால், இரைச்சலின் உச்சியும் சேர்ந்து உயரம் பொய்யாகக் கூடும். அதனால் மூன்று விதிகள். இரு நிலைகளிலும் ஒரே எண்ணிக்கை மாற்றங்களை எடுங்கள், அதிகமிருக்கும் பக்கத்திலிருந்து குருட்டாம்போக்கில் குறையுங்கள். உச்சப் புள்ளிக்குப் பதில், அந்த ஆளின் முகட்டைச் சுற்றி 20 மில்லிவினாடிச் சராசரியை எடுங்கள். ஒற்றைப்படை மாற்றங்களைக் கூட்டி, இரட்டைப்படையைக் கழித்து இன்னொரு சராசரி போடுங்கள். அதில் உண்மையான பதில் ரத்தாகி இரைச்சல் மட்டும் மிஞ்சும், உங்கள் வித்தியாசம் அதைவிடப் பெரிதா என்று பாருங்கள்.

100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளை, அதாவது கண்சிமிட்டல்களை, நீக்கிவிடுங்கள்.

11. முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்

கலக்கத்தில் பி-100 தாமதமாவதும் உயரம் குறைவதும் எதிர்பார்க்கக்கூடியவை. மருத்துவமனையில் விஈபி எடுப்பவர்கள் நோயாளியைத் தூங்கவிடாமல் அடிக்கடி பேசுவது இதனால்தான். இரண்டு வேறு நாட்களில் எடுத்து, இரண்டிலும் ஒரே பக்கம் போனால் மட்டும் எழுதுங்கள்.

அது எங்கே நடந்தது என்று மட்டும் இந்தப் பதிவு சொல்லாது. விழித்திரையிலிருந்து வரும் செய்தி, மூளையின் நடுவில் உள்ள தாலமஸில் ஒரு இடைநிலையத்தைத் தாண்டித்தான் புறணிக்குப் போகிறது. அந்த நிலையத்தின் செல்களில் உள்ள இணைப்புகளில் சுமார் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான் விழித்திரையிலிருந்து வருகிறது. மீதி புறணியிலிருந்தும், மூளைத்தண்டிலிருந்தும், பக்கத்துத் தடுப்புச் செல்களிடமிருந்தும் வருகின்றன. விழிப்பில் மூளைத்தண்டு அனுப்பும் அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் இரண்டும் அந்தச் செல்களைத் தயார்நிலையில் வைக்கின்றன, வந்த செய்தி சீராகக் கடந்து போகிறது. அந்த வரத்து குறைந்தால் செல்லின் மின்னழுத்தம் இறங்கி, கால்சியம் வாயில்கள் வேறு நிலைக்குப் போய், செல் மின்துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பத் தொடங்குகிறது. விழித்திரையின் செய்தி அப்படியே கடப்பதில்லை.

மார்கரெட் லிவிங்ஸ்டனும் டேவிட் ஹூபலும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், தூங்கும் பூனை விழித்ததும் தாலமஸ் செல்களின் பார்வைப் பதில் வலுத்ததையும், புறணியில் சமிக்ஞை இரைச்சலிலிருந்து தெளிந்து நின்றதையும் நேரடியாகப் பதிந்தார்கள். 2010-இல் கிறிஸ்டோஃபர் நீலும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் மிதக்கும் பந்தின்மேல் ஓடும் எலிகளில் அளந்தபோது, ஓடும் நேரத்தில் முதன்மைப் பார்வைப் புறணியின் பதில் இரு மடங்குக்கும் மேல் கூடியது. தாலமஸில் அவர்களுக்கு அப்படிப்பட்ட ஏற்றம் தெரியவில்லை. தூக்கத்திலிருந்து விழிப்பது ஒரு மாற்றம், விழித்திருப்பவர் இன்னும் உஷாராவது வேறொரு மாற்றம். உங்கள் பதிவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆகவே “தாலமஸ் வாயில் மூடியது” என்று எழுதாதீர்கள். “புறணியில் பதிவாகும் பதில் மாறியது” என்பது வரைதான் உங்கள் கையில் இருக்கிறது.

வித்தியாசமே வரவில்லை என்றால், இந்த வரிசையில் தேடுங்கள்: கரோலின்ஸ்கா எண் இரு நிலைகளிலும் உண்மையில் விலகியதா, ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது நூறு மாற்றங்கள் மிஞ்சினவா, கழுத்துத் தசை இரைச்சல் விழிப்புப் பகுதியைக் கெடுத்ததா, காலையில் அவர் காபி குடித்தாரா. கடைசியானதைக் கேட்க மறக்காதீர்கள். தெரியாமல் குடித்துவிட்டேன் என்று சொல்பவர்கள் நிறைய.